பெட்ரோல் போடும் கை யாருடையது? அமெரிக்க பங்க்குகளின் வரலாற்றிலிருந்து

அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் இன்றைக்கும் உங்கள் காருக்கு நீங்களே பெட்ரோல் போட்டுக்கொள்ள முடியாது. 1949ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று அதைத் தடுக்கிறது. பம்பின் கைப்பிடியைப் பங்க் ஊழியர்தான் பிடிக்க வேண்டும். வாடிக்கையாளரிடம் கொடுத்தால் பங்க் உரிமையாளருக்கு அபராதம். அந்த நாட்டின் மற்ற மாநிலங்களில் மக்கள் வண்டியை நிறுத்தி, அட்டையைச் செருகி, தாங்களே போட்டுக்கொண்டு போய்விடுகிறார்கள். ஒரேகான் மாநிலமும் நியூஜெர்சியைப் போலத்தான் இருந்தது. 2023இல் அது தன் சட்டத்தைத் தளர்த்தியது.

நம் ஊர் பங்க்கில் ஊழியர் வந்து போடுவதே வழக்கம் என்பதால் இதில் என்ன அதிசயம் என்று தோன்றலாம். ஆனால் எழுபது ஆண்டுகளுக்கும் மேலாக அமெரிக்கர்கள் இதை வைத்துச் சண்டை போட்டிருக்கிறார்கள். சட்டமன்றங்களில், நீதிமன்றங்களில், பொதுவாக்கெடுப்பில் எல்லாம் இது வந்திருக்கிறது. ஒரு தரப்பு தீ விபத்து, வேலைவாய்ப்பு, முதியோர் வசதி என்கிறது. இன்னொரு தரப்பு விலை, நேரம், சுதந்திரம் என்கிறது.

இந்த விவாதத்தைப் படிக்கும்போது ஒன்றைக் கவனித்தேன். இரண்டு தரப்பும் 'சேவை' என்ற சொல்லைப் பயன்படுத்துகின்றன. அந்தச் சேவை எல்லோருக்கும் கிடைத்ததா என்று இரண்டு தரப்பும் கேட்பதில்லை. சேவை செய்த ஊழியருக்கு இதில் என்ன சொல்ல இருந்தது என்றும் கேட்பதில்லை. இந்த இரண்டு கேள்விகளோடு அந்த வரலாற்றைத் திரும்பப் படித்தால் வேறு ஒரு கதை கிடைக்கிறது. அது நமக்கு அந்நியமான கதை அல்ல.

சீருடையும் சுத்தமும்

கார் வந்த புதிதில் பெட்ரோல் வாங்க பங்க் கிடையாது. மருந்துக் கடையிலும் இரும்புக் கடையிலும் தகர டின்னில் வாங்கிப் புனல் வைத்து ஊற்றிக்கொள்வார்கள். அதாவது ஆரம்பத்தில் எல்லாமே 'நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்' முறைதான். 1913 டிசம்பரில் பிட்ஸ்பர்க் நகரில் கல்ஃப் எண்ணெய் நிறுவனம் வண்டியோடு உள்ளே வந்து போகும் ஒரு நிலையத்தைத் திறந்தது. கேலன் விலை 27 சென்ட். டயருக்குக் காற்றும் ரேடியேட்டருக்குத் தண்ணீரும் இலவசம். அமெரிக்க கேலன் என்பது ஏறத்தாழ 3.8 லிட்டர். முதல் நாள் விற்றது 30 கேலன் மட்டுமே.

அடுத்த முப்பது ஆண்டுகளில் பங்க் என்பது ஒரு காட்சியாகவே மாறியது. எல்லா நிறுவனங்களும் விற்றது ஒரே மாதிரியான பெட்ரோல். பொருளில் வேறுபாடு காட்ட முடியாதபோது நடத்தும் விதத்தில் காட்டினார்கள். சீருடை போட்ட ஊழியர் ஓடி வருவார். கண்ணாடியைத் துடைப்பார், எண்ணெய் அளவைப் பார்ப்பார், டயரைத் தட்டிப் பார்ப்பார். 'முழுச் சேவை' என்று இன்று ஏக்கத்தோடு பேசப்படுவது இதைத்தான்.

இந்தப் போட்டியில் கழிப்பறையும் ஒரு விளம்பரப் பொருளானது. குடும்பத்தோடு நெடும்பயணம் போகிறவர்கள், குறிப்பாகப் பெண்கள், சுத்தமான கழிப்பறை உள்ள பங்க்கில்தான் நிறுத்தச் சொல்வார்கள் என்று நிறுவனங்கள் கணக்குப் போட்டன. 1938இல் டெக்ஸாகோ நிறுவனம் தன் கழிப்பறைகளுக்குப் பதிவு எண் கொடுத்து, அவற்றைச் சோதிக்க வெள்ளை நிறக் கார்களில் ஆய்வாளர்களை அனுப்பியது. அந்தப் படையின் பெயரே 'வெள்ளை ரோந்து'. 1939இல் பிலிப்ஸ் 66 நிறுவனம் செவிலியர்களை வேலைக்கு எடுத்து இதே ஆய்வுக்கு அனுப்பியது. சுத்தத்தை இவ்வளவு பொறுப்போடு பார்த்துக்கொண்ட அந்தக் கழிப்பறைகளின் கதவு நாட்டின் பெரும் பகுதியில் கறுப்பின மக்களுக்குத் திறக்கவில்லை. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் அந்தச் சட்டங்கள் எப்படி வந்தன என்று பார்த்துவிடுவோம்.

மூன்று சென்ட் சண்டை

1947இல் லாஸ் ஏஞ்சல்ஸில் ஃபிராங்க் யூரிச் என்பவர் வாடிக்கையாளர்களே போட்டுக்கொள்ளும் பெரிய பங்க் ஒன்றைத் திறந்தார். கேலனுக்கு ஐந்து சென்ட் மிச்சம் என்று விளம்பரம் செய்தார். பணம் வாங்கவும் பம்பின் எண்ணை மறுபடி பூஜ்யத்துக்குக் கொண்டுவரவும் சில பெண் ஊழியர்கள் சக்கரக் காலணியில் சுற்றி வந்தார்கள். முதல் மாதத்திலேயே ஐந்து லட்சம் கேலன் விற்றதாகச் சொல்லப்படுகிறது.

இந்த யோசனையை நியூஜெர்சிக்குக் கொண்டுவந்தவர் இர்விங் ரெயின்கோல்ட். ஹேக்கன்சேக் பகுதியில் 17ஆம் எண் நெடுஞ்சாலையில் 24 பம்புகளோடு பங்க் திறந்தார். மற்ற பங்க்குகளில் கேலன் 21.9 சென்ட், இவரிடம் 18.9 சென்ட். மக்கள் வரிசையில் நின்றார்கள். போட்டியாளர்கள் தன் பங்க்கைத் துப்பாக்கியால் சுட்டதாகவும், தான் குண்டு துளைக்காத கண்ணாடி போட்டுக்கொண்டதாகவும் அவர் பிற்காலத்தில் சொன்னார். துப்பாக்கி பலிக்காதபோது சட்டம் வந்தது. 1949இல் பங்க் உரிமையாளர்களின் அழுத்தத்தால் நியூஜெர்சி சட்டமன்றம் வாடிக்கையாளர்கள் தாங்களே பெட்ரோல் போடுவதைத் தடை செய்தது. சட்டத்தின் பெயரில் 'பாதுகாப்பு' என்ற சொல் இருந்தது. ரெயின்கோல்ட் வழக்குப் போட்டார். 1951இல் மாநில உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது.

அதே 1951இல் ஒரேகானிலும் தடை வந்தது. அந்த மாநிலச் சட்டம் காலப்போக்கில் காரணங்களை அடுக்கிக்கொண்டே போனது: தீப்பிடிக்கும் அபாயம், மழையில் வழுக்கும் தரை, நச்சு வாயு, வண்டியில் தனியே விடப்படும் குழந்தைகள், இளைஞர்களின் வேலை. அந்தப் பட்டியலில் ஒன்று கவனிக்கத்தக்கது. தானே போடும் முறை உள்ள இடங்களில், அப்படிப் போட முடியாத முதியோரும் மாற்றுத்திறனாளிகளும் அதே பெட்ரோலுக்குக் கூடுதல் விலை கொடுக்க வேண்டியிருக்கிறது, இது பாகுபாடு என்று அந்தச் சட்டம் சொன்னது.

1968 வாக்கில் 23 மாநிலங்களில் இப்படித் தடை இருந்தது. தீ விபத்து என்பது முழுப் பொய் அல்ல. அன்றைய பம்புகளில் இன்றிருக்கும் தானியங்கி நிறுத்தமும் மற்ற பாதுகாப்பு அமைப்புகளும் எல்லா இடத்திலும் இல்லை. ஆனால் சட்டத்தைக் கேட்டுப் போனவர்கள் தீயணைப்பு வீரர்களும் அல்ல, பங்க் ஊழியர்களும் அல்ல. மூன்று சென்ட் குறைத்து விற்கும் ஒருவரைச் சந்தையிலிருந்து வெளியேற்ற விரும்பிய முதலாளிகள். ஊழியரின் வேலை காப்பாற்றப்பட்டது உண்மை. அது அந்தச் சண்டையின் உபவிளைவு. அவர்களுடைய கூலி, வேலை நேரம், இரவு நேரப் பாதுகாப்பு எதுவும் அந்தச் சட்டத்தின் பேசுபொருள் அல்ல.

நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அதே 1949இல் நியூஜெர்சி, பொது இடங்களில் இனப் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கும் சட்டம் ஒன்றையும் இயற்றியது. ஒரே ஆண்டில் இரண்டு சட்டங்கள். பெட்ரோலை யார் போட வேண்டும் என்றது ஒன்று. யாருக்கும் மறுக்கக் கூடாது என்றது இன்னொன்று. அமெரிக்காவின் தென்மாநிலங்களில் இந்த இரண்டாவது சட்டம் வர இன்னும் 15 ஆண்டுகள் ஆயின.

பெட்ரோல் உண்டு, கழிப்பறை இல்லை

தென்மாநிலங்களில் காரில் பயணம் செய்த கறுப்பினக் குடும்பங்கள் கிளம்பும்போதே சாப்பாட்டையும் தண்ணீரையும் கட்டிக்கொண்டு கிளம்பின. பெட்ரோல் டின்னையும் ஏற்றிக்கொண்டவர்கள் உண்டு. எந்த ஊரில் நிறுத்தலாம், எந்த ஊரில் இருட்டிய பிறகு கண்ணில் படவே கூடாது என்பதை அறிந்து வைத்திருப்பது உயிர்ப் பிரச்சினை. 1936இல் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் வாழ்ந்த தபால்காரர் விக்டர் ஹியூகோ கிரீன், கறுப்பினப் பயணிகளை ஏற்கும் விடுதிகள், உணவகங்கள், பங்க்குகளின் முகவரிகளைத் தொகுத்து வெளியிடத் தொடங்கினார். 'கிரீன் புக்' என்று பெயர் பெற்ற அந்தக் கையேடு முப்பது ஆண்டுகள் வெளிவந்தது. கறுப்பினத்தவருக்கு முகவர் உரிமை கொடுத்த வெகுசில பெரிய நிறுவனங்களில் ஒன்றான எஸ்ஸோவின் பங்க்குகளில் அது கிடைத்தது.

இந்தக் காலத்து 'முழுச் சேவை' எப்படி இருந்தது என்று யோசித்துப் பாருங்கள். ஊழியர் கறுப்பினத்தவரின் பணத்தை வாங்கிக்கொள்வார். பெட்ரோலையும் போடுவார். கழிப்பறைச் சாவியை மட்டும் தரமாட்டார். காசு ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போவதில் தீட்டு இல்லை, ஒரே கழிப்பறையைப் பயன்படுத்துவதில் தீட்டு. இரட்டைக் குவளை பார்த்து வளர்ந்த நமக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

இதற்கு எதிரான ஒரு போராட்டத்தை ஒவ்வொரு மாணவரும் அறிந்திருக்க வேண்டும். மிசிசிப்பி மாநிலத்தில் மவுண்ட் பேயூ என்பது கறுப்பின மக்களே உருவாக்கிய ஊர். அங்கே அறுவை சிகிச்சை மருத்துவராக இருந்தவர் டி.ஆர்.எம். ஹோவர்ட். 1951இல் கறுப்பினத் தலைமைக்கான ஒரு வட்டார அமைப்பைத் தொடங்கினார். 1952இல் அந்த அமைப்பு எடுத்த முதல் பெரும் இயக்கம் பெட்ரோல் பங்க் புறக்கணிப்பு. கழிப்பறையைப் பயன்படுத்த விடாத பங்க்கில் பெட்ரோல் வாங்காதே என்ற வாசகம் அச்சிட்ட ஆயிரக்கணக்கான ஒட்டிகள் கார்களின் பின்புறத்தில் ஒட்டப்பட்டன. அந்த ஒட்டிகளை ஊர் ஊராகக் கொண்டுபோனவர்களில் ஒருவர் மெட்கர் எவர்ஸ். அப்போது அவர் ஹோவர்டின் காப்பீட்டு நிறுவனத்தில் முகவராக இருந்த இளைஞர். பிற்காலத்தில் மிசிசிப்பியின் முன்னணிக் குடியுரிமைப் போராளியாகி, 1963 ஜூனில் தன் வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டவர்.

அந்தப் புறக்கணிப்பின் உத்தியைக் கவனியுங்கள். மிசிசிப்பியில் கறுப்பின மக்களில் மிகப் பெரும்பாலோருக்கு ஓட்டுப் போட முடியாது. நீதிமன்றம் வெள்ளையர்களுடையது. போலீசும் அப்படியே. ஆனால் கார் வைத்திருந்தவர்களிடம் ஒன்று இருந்தது: பெட்ரோலுக்குக் கொடுக்கும் காசு. அதை எங்கே கொடுப்பது என்பதைத் தாங்களே முடிவு செய்யலாம். விற்பனை குறைந்ததும் பல பங்க்குகள் கறுப்பினத்தவருக்குக் கழிப்பறை கட்டின. கட்டியது பெரும்பாலும் தனிக் கழிப்பறைதான். சமத்துவம் அல்ல. அன்றைய நிலையில் அந்த இயக்கம் கேட்டதும் அவ்வளவுதான். ஆனால் சேவை மறுக்கப்படுவதை விதியாக ஏற்றுக்கொண்டிருந்த ஒரு மாநிலத்தில் கூட்டாகச் சேர்ந்தால் முதலாளி இறங்கி வருவார் என்பதை மக்கள் கண்ணால் பார்த்தார்கள். பின்னால் வந்த பெரிய போராட்டங்களுக்கு அது ஒத்திகை.

1964இல் குடியுரிமைச் சட்டம் நிறைவேறியது. அதன் இரண்டாம் பகுதி, பாகுபாடு காட்டக் கூடாத இடங்களைப் பட்டியலிடுகிறது. விடுதி, உணவகம், திரையரங்கு ஆகியவற்றோடு பெட்ரோல் நிலையமும் அதில் பெயர் சொல்லியே இடம்பெற்றிருக்கிறது. பங்க் அவ்வளவு பெரிய போர்க்களமாக இருந்திருக்கிறது. நம் அரசமைப்புச் சட்டத்தின் 15(2) பிரிவு கடை, உணவகம், கிணறு, குளம், சாலை என்று பட்டியலிட்டது 1950இல். இரண்டு நாடுகளிலும் சட்டம் இப்படிப் பெயர் சொல்லிப் பட்டியலிட வேண்டியிருந்தது. பொதுவாகச் சொன்னால் தங்கள் கடை அதில் சேராது என்று சொல்கிறவர்கள் இருந்தார்கள்.

சாமி யங்

சட்டம் வந்த பிறகும் என்ன நடந்தது என்பதற்கு ஒரு பெயரை நினைவில் வையுங்கள். சாமி யங் ஜூனியர். அலபாமா மாநிலத்தின் டஸ்கிகி கல்லூரி மாணவர். வயது 21. கடற்படையில் பணியாற்றித் திரும்பியவர். மாணவர் அகிம்சை ஒருங்கிணைப்புக் குழுவில் (எஸ்.என்.சி.சி.) இயங்கி வந்தார். 1966 ஜனவரி 3ஆம் தேதி பகலில் கறுப்பின மக்களை வாக்காளர்களாகப் பதிவு செய்யும் வேலையில் இருந்தார். அன்று இரவு டஸ்கிகியில் ஒரு பெட்ரோல் பங்க்கில் கழிப்பறையைப் பயன்படுத்தக் கேட்டார். வெள்ளையர்களுக்கான கழிப்பறையைத் தரமாட்டேன் என்றார் ஊழியர். வாக்குவாதம் நடந்தது. அந்த முதிய ஊழியர் துப்பாக்கியால் சுட்டார். சாமி அங்கேயே இறந்தார்.

குடியுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்து ஒன்றரை ஆண்டு ஆகியிருந்தது. அந்தக் கழிப்பறையைக் கேட்கும் உரிமை சாமிக்குச் சட்டப்படி இருந்தது. அதே ஆண்டு டிசம்பரில் முழுக்க வெள்ளையர்களே இருந்த ஜூரி, சுட்டவரை விடுதலை செய்தது. சாமி கொல்லப்பட்ட மூன்றாம் நாள், ஜனவரி 6ஆம் தேதி, எஸ்.என்.சி.சி. வியட்நாம் போரை எதிர்த்து அறிக்கை வெளியிட்டது. அந்தக் கொலையை அது போரோடு இணைத்துப் பேசியது. சொந்த மண்ணில் சட்டம் தந்த உரிமையைக் கேட்டவரைக் காப்பாற்றாத அரசு, யாருடைய சுதந்திரத்துக்காகப் போர் புரிகிறது என்பதே அவர்கள் கேட்டதன் சாரம்.

இந்த நிகழ்வில் நாம் தவிர்க்க முடியாத ஒரு சிக்கல் இருக்கிறது. சுட்டவர் பெரிய முதலாளி அல்ல. கூலிக்கு வேலை செய்த பங்க் ஊழியர். வர்க்கமாகப் பார்த்தால் அடிமட்டத்தில் இருப்பவர். ஆனால் அந்தக் கழிப்பறைக் கதவின் முன்னால் அவர் வெள்ளை இனத்தின் காவலாளியாக நின்றார். 'உழைப்பாளியின் வேலையைக் காப்போம்' என்று மட்டும் பேசினால் இந்தக் காவலாளியைப் பார்க்கத் தவறுவோம். தேநீர்க் கடையில் தனிக் குவளையை எடுத்து நீட்டியவரும் பல நேரம் கூலிக்கு நின்றவர்தான்.

இயந்திரம் விடுதலை தந்ததா?

தோழர்கள் சிலர் சொல்வதுண்டு: இயந்திரத்துக்குச் சாதி தெரியாது, நிறம் தெரியாது. மனிதக் கையை எடுத்துவிட்டு இயந்திரத்தை வைத்தால் பாகுபாடும் போய்விடும். கேட்க நன்றாக இருக்கிறது. பெட்ரோல் பங்க் வரலாற்றில் இதைச் சோதித்துப் பார்க்கலாம், ஏனென்றால் தேதிகள் நம்மிடம் இருக்கின்றன.

1964 ஜூன் மாதம் கொலராடோ மாநிலத்தின் வெஸ்ட்மின்ஸ்டர் நகரில் ஒரு கடையில் புதுக் கருவி ஒன்று பொருத்தப்பட்டது. கல்லாவில் உட்கார்ந்தபடியே வெளியே உள்ள பம்பை இயக்கவும், எவ்வளவு போட்டார்கள் என்று பார்க்கவும் அது உதவியது. அதுவரை தானே போடும் பங்க்கிலும் ஒவ்வொரு முறையும் ஓர் ஊழியர் பம்ப் அருகே வந்தாக வேண்டும். இனி வேண்டாம். ரொட்டியும் பாலும் விற்கும் கடையில் இருக்கும் ஒரே ஆள் பெட்ரோலையும் விற்கலாம். 1973இல் அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதிக்குத் தடை விதித்து விலை எகிறியபோது சில சென்ட் மிச்சம் என்பதே பெரிய விஷயமானது. மாநிலங்கள் ஒவ்வொன்றாகத் தடையை நீக்கின. 1980களில் அமெரிக்கர்களில் பெரும்பாலோர் தாங்களே போட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஆக, இயந்திரம் பரவியது 1970களில். கழிப்பறைக் கதவைத் தட்டத் தொடங்கியது 1952இல். சட்டம் வந்தது 1964இல். சாமி யங் உயிர் கொடுத்தது 1966இல். கதவைத் திறந்தவர்கள் மக்கள். இயந்திரம் வந்து சேர்ந்தபோது அந்தப் போரின் முக்கியக் கட்டங்கள் முடிந்திருந்தன.

வந்த பிறகும் பாகுபாடு கல்லாவுக்கு இடம் மாறியதே தவிர மறைந்துவிடவில்லை. 1995இல் டெக்சாஸ் மாநிலத்தில் லத்தீன் வம்சாவளியைச் சேர்ந்த ஒரு பெண் தன் காருக்குத் தானே பெட்ரோல் போட்டுக்கொண்டு பணம் கட்டக் கல்லாவுக்குப் போனார். அடையாள அட்டையில் குறை சொல்லத் தொடங்கிய ஊழியர், இனத்தைச் சொல்லித் திட்டினார். ஒலிபெருக்கியிலும் திட்டினார். வழக்கு பல ஆண்டுகள் நடந்தது. 2003இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம், அவர் வாங்க வந்ததை வாங்கி முடித்துவிட்டார், எனவே ஒப்பந்தம் செய்யும் உரிமை தடைபடவில்லை என்று சொல்லி அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. பெட்ரோல் கிடைத்துவிட்டது, அவமானத்துக்குச் சட்டத்தில் கணக்கு இல்லை. சமத்துவத்தைப் பொருள் கிடைத்ததா இல்லையா என்று மட்டும் அளந்தால் இங்கேதான் வந்து நிற்கும்.

யாரைக் கேட்டார்கள்?

இன்றைய விவாதத்துக்கு வருவோம். ஒரேகானில் 1982இல் தடையை நீக்கலாமா என்று பொதுவாக்கெடுப்பு நடந்தது. மக்கள் வேண்டாம் என்றார்கள். 2018இல் மக்கள்தொகை குறைந்த மாவட்டங்களில் மட்டும் தளர்த்தப்பட்டபோது, எங்களுக்குப் பெட்ரோல் போடத் தெரியாது, பயமாக இருக்கிறது என்று அம்மாநிலத்தவர் சிலர் எழுத, நாடே சமூக ஊடகத்தில் சிரித்தது. 2023இல் வந்த புதிய சட்டம் ஒரு நடுவழியை எடுத்தது. பங்க்கின் பாதிப் பம்புகள் வரை தானே போடும் முறைக்கு விடலாம். ஊழியர் போடும் பம்புகளும் இருக்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே விலை. விலை ஒன்றாக இருக்க வேண்டும் என்ற இந்தக் கடைசி வரியை நான் முக்கியமாகக் கருதுகிறேன். கை கால் முடியாதவர், வயதானவர் உதவி கேட்டதற்காக அபராதம் போலக் கூடுதல் காசு தர வேண்டியதில்லை.

நாடு தழுவிய அளவிலும் இப்படி ஓர் உரிமை இருக்கிறது. 1990ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின்படி, தானே போடும் பங்க்கில் மாற்றுத்திறனாளி ஒருவர் உதவி கேட்டால், தானே போடும் விலையிலேயே ஊழியர் போட்டுத் தர வேண்டும். ஆனால் பங்க்கில் ஒரே ஓர் ஊழியர் இருந்தால் இந்தக் கடமை இல்லை. ஆட்களைக் குறைத்து ஒருவரை மட்டும் நிறுத்துவதுதான் தானே போடும் முறையின் லாபமே. எனவே தேவைப்படும் நேரத்தில் அந்த உரிமை பல இடங்களில் காகிதத்தில் நின்றுவிடும்.

நியூஜெர்சியில் 2022இல் தடையைத் தளர்த்த ஒரு மசோதா வந்தது. நிறைவேறவில்லை. அப்போது எடுத்த கருத்துக்கணிப்பில் ஏறத்தாழ நான்கில் மூன்று பேர் ஊழியரே போடட்டும் என்றார்கள். வேடிக்கை என்னவென்றால், மசோதாவை ஆதரித்தவர்களில் முன்னால் நின்றது பங்க் உரிமையாளர்களின் சங்கம். வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை என்பது அவர்கள் சொன்ன காரணம். 1949இல் உரிமையாளர்களுக்குத் தடை தேவைப்பட்டது, சட்டம் வந்தது. இப்போது அவர்களுக்குத் தடை தேவையில்லை, மசோதா வருகிறது. பனியிலும் வெயிலிலும் நின்று கைப்பிடியைப் பிடித்த ஊழியர்கள், அவர்களில் பலர் வேறு நாடுகளிலிருந்து பிழைக்க வந்தவர்கள், இரண்டு முறையும் விவாதத்தின் மையத்தில் இல்லை.

அம்பேத்கர் ஓட்டிய மாட்டுவண்டி

'நீயே செய்துகொள்' என்பது சில நேரம் சுதந்திரம், சில நேரம் அவமானம். இதைப் புரிந்துகொள்ள அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை. 1901இல், அம்பேத்கர் ஒன்பது வயதுச் சிறுவனாக அண்ணனோடும் மற்ற சிறுவர்களோடும் தந்தையைப் பார்க்க கோரேகானுக்குப் புறப்பட்டார். மசூர் ரயில் நிலையத்தில் இறங்கிய அவர்கள் மகர்கள் என்று தெரிந்ததும் எந்த வண்டிக்காரரும் வண்டி ஓட்ட முன்வரவில்லை. கடைசியில் ஒருவர் ஒப்புக்கொண்டார். இரட்டைக் கூலி, ஆனால் வண்டியைச் சிறுவர்களே ஓட்ட வேண்டும். அவர் பக்கத்தில் நடந்து வந்தார். வழியில் அவர்களுக்குக் குடிக்கத் தண்ணீர் கிடைக்கவில்லை.

1929இல் அவர் படித்துப் பட்டம் பெற்ற வழக்கறிஞர், பம்பாய் மாகாணம் அறிந்த தலைவர். சாலிஸ்கான் ஊரில் தீண்டத்தகாதவருக்கு டோங்கா ஓட்டுவது தன் கௌரவத்துக்குக் குறைவு என்று டோங்காக்காரர்கள் மறுத்தார்கள். வண்டியை மட்டும் வாடகைக்குக் கொடுத்தார்கள். ஓட்டிப் பழக்கமில்லாத நம் மக்களில் ஒருவர் ஓட்டினார். ஒரு சிறு பாலத்தில் சக்கரம் சிக்கி அம்பேத்கர் தூக்கி எறியப்பட்டு கால் எலும்பு முறிந்தது. 'விசாவுக்காகக் காத்திருக்கிறேன்' என்ற தன் நினைவுக் குறிப்பில் இந்த இரண்டையும் அவரே எழுதியிருக்கிறார்.

காசு இருந்தது. வண்டி இருந்தது. சேவை மட்டும் மறுக்கப்பட்டது. தானே ஓட்டிக்கொண்டதற்கு இரட்டைக் கூலி வேறு. அவர் கையில் கயிறு வந்ததற்கும், இன்று ஓர் அமெரிக்கர் அவசரத்தில் தானே பெட்ரோல் போட்டுக்கொள்வதற்கும் வெளியிலிருந்து பார்த்தால் பெரிய வேறுபாடு தெரியாது. ஒருவருக்கு வேண்டும் என்று கேட்டுப் பெறும் உரிமை இருக்கிறது, வேண்டாம் என்று அவரே முடிவு செய்கிறார். மற்றவருக்கு அந்த உரிமையே இல்லை. தானே போடுவதா, ஊழியர் போடுவதா என்ற கேள்வியைவிட முந்தைய கேள்வி இது.

நம் நாட்டு பங்க்குகளுக்கும் ஒருநாள் இந்த விவாதம் வரும். அப்போது நாம் ஏதாவது ஒரு கட்சியில் போய் நிற்பதற்கு முன் சிலவற்றைக் கேட்க வேண்டும். கைப்பிடியைப் பிடித்து நிற்கும் பெண்களுக்கும் ஆண்களுக்கும் சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி கிடைக்கிறதா? உட்கார நாற்காலி இருக்கிறதா? நாளெல்லாம் ஆவியைச் சுவாசிப்பவர்களுக்கு மருத்துவப் பரிசோதனை உண்டா? காற்றும் குடிநீரும் கழிப்பறையும் இலவசம் என்பது எண்ணெய் நிறுவனங்களின் விதி. அந்தக் கழிப்பறைச் சாவி கேட்ட எல்லோருக்கும் கிடைக்கிறதா? அதைச் சுத்தம் செய்பவர் யார், அவருக்குக் கையுறை தந்திருக்கிறார்களா? பங்க் முகமைகளில் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் உள்ள 22.5 விழுக்காடு ஒதுக்கீட்டில் உரிமம் பெற்றவர்தான் உண்மையில் கல்லாவில் இருக்கிறாரா, அல்லது அவர் பெயரில் வேறொருவரா?

இவை நூலகத்தில் கிடைக்கும் கேள்விகள் அல்ல. உங்கள் ஊர் நெடுஞ்சாலையில் பத்து பங்க்குகளுக்குப் போய் ஊழியர்களோடு உட்கார்ந்து பேசினால் ஒரு நல்ல கள ஆய்வே எழுதலாம். சமூகவியல் படிக்கும் மாணவர்கள் திட்டக் கட்டுரைக்குத் தலைப்பு கேட்டு எழுதுகிறீர்கள். இதை எடுத்துக்கொள்ளுங்கள். முதலாளியிடம் கேட்காமல் ஊழியரிடம் தொடங்குங்கள். 1949இலிருந்து அமெரிக்காவில் பலரும் செய்யாமல் விட்டது அதுதான்.